எட்டு எம்எம் காய்

எங்கள் வீட்டில் கவலைப்படும் இலாகா சின்ன வயதிலிருந்தே என்னுடையது. அப்பா போடியிலிருந்து கேரள எல்லையான போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டினார். மலைப்பாதையின் அத்தனை வளைவுகளிலும் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே பின்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் கதை பேசுகிற ஆள். அம்மா ஏலக்காய்க் கடை ஒன்றில் காய் பொறுக்கினாள். இரண்டு பேரும் கவலை என்கிற சோலியை மொத்தமாக என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். சாயங்காலம் ஜீப் வரப் பத்து நிமிடம் தாமதமானால் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடப்பது நான்தான். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழி போனபின் திரும்பி வந்து பார்ப்பதும் நான்தான். இப்போது தேனியில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊராருடைய பயங்களைப் படிவம் படிவமாக வாங்கி அடுக்குகிறேன். வேலைக்கு ஏற்ற ஆள் என்று அப்பா கேலி செய்வார்.

ஆனால் எத்தனை படிவம் வாங்கினாலும், ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் நான் பட்ட பயத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்தப் பயத்தின் அளவு சரியாக எட்டு மில்லிமீட்டர். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அம்மாவின் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் காயவைத்து மூட்டையாக இறங்கும் ஏலக்காயைப் போடியில் தரம் பிரிப்பார்கள். வெடித்தது, கறுத்தது, பூச்சி விழுந்தது எல்லாவற்றையும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பொறுக்கித் தள்ளுவார்கள். மிச்சத்தைச் சல்லடையில் சலித்து ஆறு எம்எம், ஏழு எம்எம், எட்டு எம்எம் என்று பருமன்வாரியாகக் கட்டுவார்கள். எட்டுக்குத்தான் மரியாதை. அம்மாவுக்குச் சல்லடை தேவைப்படாது. ஒரு காயைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு உருட்டு உருட்டுவாள். எத்தனை எம்எம் என்று சொல்லிவிடுவாள். மழைக்காலத்தில் கடையில் கரண்டு போய் இருட்டிக் கிடக்கும்போதும் அவள் கை நிற்காது என்று கூட வேலை செய்யும் அக்காமார்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்வார்கள். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொள்வேன். அவ்வளவு தெரிந்திருந்த எனக்கு அந்த வருஷம் அது ஞாபகம் வராமல் போனதுதான் இந்தக் கதை.

ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அப்பா விடிவதற்கு முன்பே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். நான் சடை பின்னிக்கொள்ள ரிப்பனைத் தேடிக் கதவைத் தள்ளினேன். அம்மா பீரோக் கண்ணாடிக்கு முன்னால் திரும்பி நின்றிருந்தாள். இடது கை சேலைக்குள் மார்பின் மேல் இருந்தது. வலது கை விரல்களில் ஓர் ஏலக்காய். ஒரு கை உள்ளே எதையோ உருட்டியது, மறு கை காயை உருட்டியது. மாறி மாறி உருட்டினாள். நான் நிற்பது கண்ணாடியில் தெரிந்ததும் சட்டென்று முந்தானையை இழுத்துப் போட்டாள்.

என்னம்மா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். இலாகா என்னுடையதாயிற்றே, நான் விடவில்லை. கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“மாருல சின்னதா ஒரு கட்டி மாதிரி இருக்கு தாயி. வலியெல்லாம் இல்ல. இந்தக் காயி தண்டிதான் இருக்கு. இதைவிடப் பெருசானா ஆசுபத்திரிக்குப் போவோம். ஆகலேன்னா அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.”

“இப்பவே போவோம்மா.”

“சீசன் நேரத்துல எங்கிட்டுப் போக? மேலத்தெரு அக்காவுக்கு என்னாச்சுன்னு பாத்தேல்ல. சும்மா கெடந்ததக் கத்தி வச்சுக் கிண்டித்தான் பரவிப்போச்சு. உங்கப்பாகிட்ட மூச்சு விட்டுறாத. அவுக மலைக்கு வண்டி ஓட்டுற ஆளு.”

மேலத்தெரு அக்கா மதுரைக்குப் போய் அறுவை செய்துகொண்டு வந்து, அடுத்த பொங்கலைப் பார்க்காமல் போய்விட்டவர். அவர் எவ்வளவு காலம் கட்டியை மறைத்து வைத்திருந்தார் என்பதைத் தெருவில் யாரும் பேசவில்லை. கத்தி பட்டதைத்தான் பேசினார்கள். எனக்கும் அப்போது அதுவே நியாயமாகப் பட்டது. பையைத் திறந்து ஜியாமெட்ரி பாக்சிலிருந்து ஸ்கேலை எடுத்து, இதை வைத்து அளந்து எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று நீட்டினேன். கணக்குப் பாடத்தில் நான் கெட்டி.

“அது வேணாம். காயே போதும்” என்றாள் அம்மா. அந்தக் காயை ஒரு பழைய குங்குமச் சிமிழில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். எட்டு எம்எம் காய். நல்ல பச்சை, மூன்று பக்கமும் எடுப்பாக, நுனியில் சின்னக் காம்பு.

அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குப் பரீட்சை நாள் ஆனது. அம்மா குளித்துவிட்டு உள்ளறைக் கதவைச் சாத்துவாள். நான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும். “அப்பிடியேதான் இருக்கு” என்பாள். அந்த வார்த்தையைக் கேட்டபின்தான் என் வயிற்றில் இட்லி இறங்கும். சனிக்கிழமை சந்தோஷமாக இருப்பேன். ஞாயிறு பாதிக்கு மேல் மறுபடி ஆரம்பிக்கும். புதன், வியாழனில் எதிர்வீட்டுக் குழந்தை அழுதால்கூட எனக்குப் பதறும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பள்ளிக்கூடத்தில் செல் பகுப்புப் பாடம் நடந்தது.

எங்கள் அறிவியல் டீச்சர் புதிதாக வேலைக்கு வந்தவர். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாடம் நடத்துவார். கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டு, அதைச் சுற்றி அம்புக்குறி போட்டார். ஒரு செல் நினைத்த மாத்திரத்தில் இரண்டாகிவிடாது என்றார். முதலில் அது சாப்பிட்டு வளரும். பிறகு உட்கருவுக்குள் இருக்கிற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் இன்னொரு நகல் எடுக்கும். நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும். அப்புறம்தான் பிரியும். நடுநடுவே வட்டத்தின் மேல் குறுக்குக் கோடுகள் போட்டார்.

“இதெல்லாம் செக்போஸ்ட். போடிமெட்டுல வண்டியை நிறுத்திப் பேப்பரைப் பாத்துட்டுத்தான கம்பியைத் தூக்குறாங்க? அதே மாதிரி செல்லையும் நிறுத்திப் பாக்கும். எல்லாம் சரியா இருந்தாத்தான் அடுத்த கட்டத்துக்கு விடும். தப்பு இருந்தா சரிபண்ணப் பாக்கும். முடியலேன்னா அந்தச் செல் தன்னைத்தானே அழிச்சுக்கிரும்.”

வகுப்பே உற்சாகமாகிவிட்டது. மலைக்கு ஆள் போகாத வீடு எங்கள் வகுப்பில் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். எனக்கு அந்த செக்போஸ்ட் நன்றாகவே தெரியும். லீவு நாட்களில் அப்பாவோடு முன்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். அங்கே இருப்பவர்களுக்கு அப்பாவைப் பழக்கம். தூரத்தில் எங்கள் ஜீப்பைக் கண்டதுமே சில நாள் நிறுத்தாமல் கம்பியைத் தூக்கிவிடுவார்கள். அப்பா அதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டு ஹாரன் அடிப்பார். அது நினைவுக்கு வந்ததும் என் கை தானாக உயர்ந்தது.

“டீச்சர், செக்போஸ்ட்டுல பாக்காமலே விட்டுட்டாங்கன்னா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் ஒரு குறுக்குக் கோட்டை விரலால் அழித்தார்.

“அப்ப அந்தச் செல் நிக்காது. ரெண்டாகும், நாலாகும், எட்டாகும். போதும்னு சொன்னாலும் கேக்காது. பக்கத்துல இருக்கிற செல்லுக்கு இடம் வேணுமேன்னு பாக்காது. அதுதான் புற்றுநோய்க் கட்டி.”

அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. அன்றைக்கு மிச்சப் பாடம் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒன்று என்று எழுதினேன். அதன் கீழே இரண்டு. நான்கு. எட்டு. பத்துத் தடவை இரட்டித்ததும் ஆயிரத்து இருபத்து நான்கு வந்தது. அது ஒன்றும் பயமாக இல்லை. இருபதாவது தடவையில் பத்து லட்சத்தைத் தாண்டியது. முப்பதாவது தடவையில் நூறு கோடிக்கு மேல் போய்விட்டது. இலக்கங்கள் கோட்டுக்கு வெளியே ஓடின. ஒவ்வொரு வரியும் மேல் வரியைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்துவிட்டுக் கடைசியில் இப்படி ஓடுகிறதே என்று நோட்டை மூடிவிட்டேன்.

மணி அடித்ததும் டீச்சரின் பின்னாலேயே ஓடி, ஒரு செல் இரண்டாக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அது செல்லைப் பொறுத்தது, சிலதுக்கு ஒரு நாள் போதும், சிலது மாதக்கணக்கில் சும்மா இருக்கும், நரம்புச் செல்லெல்லாம் பெரும்பாலும் பிரியவே பிரியாது என்றார். கட்டியில் இருக்கிற செல் எந்த வகை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்பார். சொல்லவேண்டி வரும். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பரீட்சைக்கு வருமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் அம்மா “அப்பிடியேதான் இருக்கு” என்றாள். எனக்கு முதல்முறையாக அந்த வார்த்தை இனிக்கவில்லை. இரட்டிக்கிற ஒன்று எப்படி அப்படியே இருக்கும்? ஒருவேளை அது நல்ல கட்டியாக, செக்போஸ்ட்டில் ஒழுங்காக நிற்கிற கட்டியாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மலை நாலு நாளாகக் கண்ணுக்கே தெரியவில்லை. துவைத்த துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை. ஒரு நாள் சாயங்காலம் டீ போட நான் அடுப்படியில் ஏலக்காய் டப்பாவைத் திறந்தேன். உடைத்தால் படக்கென்று வெடிக்க வேண்டிய காய் ரப்பர் மாதிரி நசுங்கியது. மற்றதெல்லாமும் தொட்டால் மெத்தென்று, உப்பலாக இருந்தன.

“மூடிய சரியா போடலியா?” என்று அம்மா கூடத்திலிருந்து கேட்டாள். “மழ நாளையில காயி ஈரத்தக் குடிச்சுப் பருத்துப்போகும். பாலித்தீன் பையில இறுக்கிக் கட்டி வையி. இதுக்குத்தான் கடையில மூட்டைக்குள்ள பாலித்தீன் போடுறது.”

நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். குங்குமச் சிமிழுக்குப் பாலித்தீன் கிடையாது. சாமி படத்துக்குப் பின்னால் சுவர் ஓதம் அடித்துப் பூத்துக் கிடந்தது. அம்மா கடைக்குப் பால் வாங்கப் போன நேரத்தில் நாற்காலி போட்டு ஏறிச் சிமிழைத் திறந்து பார்த்தேன். எட்டு எம்எம் காய் ஊறிப் பருத்து, முனையெல்லாம் மழுங்கி உருண்டிருந்தது.

பத்து வாரமாக அப்படியேதான் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? காயும் வளர்ந்திருக்கிறது, அதுவும் வளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து வளர்ந்தால் இரண்டும் ஒரே அளவில்தான் இருக்கும். இத்தனை வருஷம் காய் பொறுக்கிய அம்மாவுக்கே இது தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவம், படிக்காதவள் என்று நினைத்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற நான்தான் கண்டுபிடித்தேன் என்கிற கர்வமும் அந்தப் பயத்துக்கு நடுவிலே கொஞ்சம் இருந்ததை மறைப்பானேன்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் அம்மா இன்னொரு காயை எடுத்துச் சிமிழில் போட்டு, இனி இதிலிருந்து பார்ப்போம் என்பாள். மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். என் நோட்டில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவளைப் போகச் சொல்லி என்னால் வாதாட முடியாது. அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். காயைவிடப் பெரிதானால் போவோம். சரி, காயைவிடப் பெரிதாக்கிவிட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து பொறுக்கும் காய் ஒரு மூட்டை மூலையில் இருந்தது, பாலித்தீனுக்குள் கலகலவென்று. பழைய சல்லடை ஒன்றும் ஆணியில் தொங்கியது. இரண்டு கைப்பிடி அள்ளி எட்டு எம்எம் சல்லடையில் போட்டுச் சலித்தேன். கீழே விழுந்ததில் அதே பச்சையில், அதே மாதிரி நுனியில் காம்போடு ஒரு ஏழு எம்எம் காயைத் தேடி எடுத்தேன். பத்துப் பதினைந்து காயைக் கழித்த பிறகுதான் கிடைத்தது. சிமிழில் இருந்ததை எடுத்துவிட்டு இதை வைத்தேன். பழைய காயை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. பாவாடைப் பையில் வைத்திருந்து, மறுநாள் காலை டீக்குள் தட்டிப் போட்டுவிட்டேன். இத்தனை வாரமாக என்னை ஆட்டிவைத்த அந்தக் காயின் டீயை அப்பா குடித்துவிட்டு, “இன்னக்கி டீ நல்லாருக்கே” என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்தார்.

அம்மா குளித்தாள். கதவைச் சாத்தினாள். நான் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்தக் கதவு திறக்க ரொம்ப நேரம் ஆனது. பஸ்சின் ஹாரன் கேட்டது, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. அம்மா கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். கதவு திறந்தபோது அவள் கையில் காய் இருந்தது. என்னைத் தாண்டி மழையைப் பார்த்துக்கொண்டு, அதைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே நின்றாள்.

“பெருசாயிருச்சு தாயி” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நானே செய்த ஏமாற்றுக்கு நானே ஏங்கி ஏங்கி அழுதேன். அம்மா அழவில்லை. என் பின்னால் உட்கார்ந்து சடையைப் பின்னிவிட்டாள். வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னினாள்.

“பள்ளிக்கூடத்துக்கு லீவு போடு. வெரசா கெளம்பு. தேனி பஸ்சப் பிடிப்போம்.”

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். மூணு மாசம் என்றாள் அம்மா. பெரிதாகி வருகிறதா என்று கேட்டார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த ஏலக்காயை மேசைமேல் வைத்து, இந்த அளவுக்கு இருந்தது இப்போது பெரிதாகிவிட்டது என்றாள். டாக்டர் காயைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், போடியா என்று கேட்டார். ஆமாம் என்றதும் சீட்டில் எழுதினார். அவர் ஆங்கிலத்தில் எழுதியதை நான் எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாக வாசித்தேன். மூன்று மாதமாக உள்ளது, அளவு கூடி வருகிறது.

அந்த வரியைப் படித்த நிமிடத்திலிருந்து எனக்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. அது டாக்டர் எழுதியது இல்லை, நான் எழுத வைத்தது. கட்டி வளர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. நான் காயைச் சுருக்கினேன், அவ்வளவுதான். என் பொய்யை நம்பி இவர்கள் மருந்து கொடுக்கப்போகிறார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி குத்திச் செல் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று அப்பாவும் கூட வந்தார். முந்தின நாள்தான் அம்மா அவரிடம் சொல்லியிருந்தாள். கெட்ட கட்டிதான், ஆனால் சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள், நல்லவேளை என்றார் டாக்டர். அப்பா நல்லவேளை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு தலையாட்டிவிட்டு, வெளியே வந்து மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு வருஷத்துக்குக் கவலை இலாகா அவர் கைக்குப் போனது. என்னைவிட மோசமாக நடத்தினார்.

அறுவை நடந்தது. பிறகு மருந்து ஏற்ற அம்மா மதுரைக்குப் போய்வந்தாள். அப்போது போடிக்கு ரயில் கிடையாது, அகலப் பாதையாக மாற்றும் வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள். போகவர பஸ்தான். இரண்டாவது தடவை ஏற்றி வந்த பிறகு அம்மாவின் முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. வாய் புண்ணாகி, கஞ்சியைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. ஒவ்வொரு முடியும் என் கணக்கில் விழுகிற மாதிரி இருந்தது. அளவு கூடி வருகிறது என்ற அந்த வரி இல்லாவிட்டால் இவ்வளவு கடுமையான மருந்து கொடுத்திருக்கமாட்டார்கள் என்று நம்பினேன்.

டீச்சரிடம் போய், ஒரு பொதுக் கேள்வியைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, மருந்துக்கு ஏன் முடி கொட்டுகிறது என்று கேட்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். அதை அப்படியே வீட்டில் வந்து அம்மாவிடம் ஒப்பித்தேன். வேகமாகப் பிரிகிற செல்லைத்தான் அந்த மருந்து தேடிப் பிடித்து அடிக்கும். முடியின் வேரில் இருக்கிற செல்லும் வேகமாகப் பிரியும், வாயின் உள்தோலும் அப்படித்தான். அதுகள் நல்ல செல், செக்போஸ்ட்டில் ஒழுங்காக நின்று போகிற செல். மருந்துக்கு அந்த அடையாளம் தெரியாது.

அம்மா மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு யோசித்தாள்.

“பொறுக்கத் தெரியாத மருந்தா இருக்கே” என்றாள். மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அவள் சிரித்ததும் எனக்குத் தாங்கவில்லை. இதுதான் நேரம் என்று, “அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தேன்.

“ஒண்ணும் சொல்ல வேணாம். போயி கஞ்சி கொண்டா” என்றாள். களைப்பில் சொல்கிறாள் என்று நினைத்துக் கஞ்சி எடுக்கப் போனேன். அதன்பிறகு பல வருஷம் நான் சொல்லவே இல்லை. முடி திரும்ப வளர்ந்தது, முன்னைவிடச் சுருளாக. அம்மா மறுபடி காய் பொறுக்கப் போனாள். அப்பாவிடமிருந்து இலாகா என் கைக்குத் திரும்பி வந்தது.

போன மாதம் வருஷாந்திரச் சோதனைக்காக மதுரைக்குப் போய்விட்டு, நானும் அம்மாவும் ரயிலில் போடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெயில் சாய்ந்த நேரம். தேனி தாண்டியதும் மலை ஜன்னல் முழுக்க வந்து நின்றது. எதற்கென்று தெரியாமல் நான் சொல்லிவிட்டேன்.

“அம்மா, அந்தச் சிமிழ்ல காய மாத்தி வச்சது நான்தான்.”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“கையில எடுத்த ஒடனே. ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாமயா இத்தன வருசமாக் கூலி வாங்குறேன்?”

இவ்வளவு காலம் சுமந்ததை அவள் கைக்குட்டையைப் போல மடித்து ஓரமாக வைத்துவிட்டாள். சமாளித்துக்கொண்டு, பழைய காய் ஊறிப் பருத்திருந்தது, அதனால்தான் மாற்றினேன் என்று என் பக்கத்து நியாயத்தைச் சொன்னேன்.

“ஊறும்னு தெரிஞ்சுதானடி அத எடுத்து வச்சேன்.” அவள் மலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “நீ ஸ்கேல நீட்டுனயே, ஞாபகம் இருக்கா? அத வாங்கி அளந்தா நெசத்தச் சொல்லிப்புடும். எனக்கு நெசம் வேணாம்னு இருந்துச்சு. வெள்ளிக்கு வெள்ளி அப்பிடியேதான் இருக்குன்னு சொல்லணும், அவ்வளவுதான். எம்புட்டுப் பயம் தெரியுமா அப்ப.”

“அப்புறம் ஏன் அன்னக்கி மட்டும் பெருசாயிருச்சுன்னு சொன்ன?”

ரயில் வேகம் குறைந்து போடியை நெருங்கியது. அம்மா பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“நான் மட்டும் பயந்தா தள்ளிப் போட்டுக்கிட்டே போயிரலாம் தாயி. புள்ளையும் பயந்துபோயி காயச் சலிச்சுக்கிட்டு நிக்கையில, எங்கிட்டுத் தள்ளிப் போட?”

படிக்காதவள், பாவம், அவளுக்குத் தோன்றவில்லை என்று நான் இரக்கப்பட்டிருந்தேன். அளக்கப் பயந்த ஒருத்தி, கூடவே வளர்ந்துகொடுக்கிற அளவுகோலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. கவலை இலாகா என்னுடையது மட்டும்தான் என்று நம்பியிருந்தேன். அன்றைக்கு அந்தக் கதவு திறக்க ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்றும் தெரியவில்லை. உள்ளே அவள் முதல் உருட்டிலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டு, அந்தச் சின்னக் காயை வைத்துக்கொண்டு தனக்குள் ஏதோ முடிவுசெய்துகொண்டிருந்திருக்கிறாள். நான் வெளியே தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்து, எப்படியாவது அம்மா ஏமாந்துவிட வேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.